இடது பக்கத்து மச்சான்

கூடைப்பந்தில் தோற்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் ஏணி தோற்ற மாதிரி இதுவரை ஒருத்தனும் தோற்றதில்லை. அவன் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. இன்னும் நாலு மூச்சு விட்டால் ஆட்டம் முடிந்துவிடும். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. ஏணி எம்பி இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். பிடித்த பந்தைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால்கூட ஜெயித்திருப்பார்கள். அந்த மனிதன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை இடது பக்கம் வீசினான். அங்கே நின்றவன் வண்டு. வண்டு எதிரணியின் தலைவன். போதாக்குறைக்கு ஏணியின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவன்.

வண்டு பந்தைப் பிடித்துவிட்டு ஒரு கணம் முழித்தான். பிறகு கைக்கு வந்ததை விடுவானேன் என்று வளையத்துக்குள் போட்டான். மணி அடித்தது. அரங்கமே எழுந்து நின்று கத்தியபோது, தன் ஆள்தான் புள்ளி எடுத்தான் என்று நினைத்து ஏணி ஒரு சிரிப்பு வேறு சிரித்தான். பந்தைக் கொடுத்ததையாவது மன்னித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

இது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், இரண்டு பேரின் கதையையும் கொஞ்சம் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பல்பு மாற்ற வேண்டும் என்றால் ஸ்டூலைத் தேட மாட்டார்கள், அவனைத்தான் தேடுவார்கள். ஏணி என்ற பெயர் அப்படி வந்தது. அவன் தலை இடிக்காத நிலைப்படி கிடையாது. பேருந்தில் கழுத்தைச் சாய்த்து நின்று நின்று, வெட்டவெளியில் நடக்கும்போதும் கழுத்து லேசாகச் சாய்ந்தே இருக்கும். அதே குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தவன் வண்டு. ஏணியின் தோளுக்கும் கீழேதான் நிற்பான். ஆனால் வாய் ஓயாது. தூங்கும்போதாவது வாயை மூடுவானா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான் என்று அவன் அம்மாவே சொல்வாள்.

இருவரும் பந்து விளையாடியது குடியிருப்பின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில். ஒரு தூணில் வளையத்தை அடித்து வைத்திருந்தார்கள். அங்கே விளக்குகளில் பாதி எரியாது. ஏணி எம்பிப் பந்தைப் பிடித்துவிடுவான், ஆனால் வண்டு எங்கே நிற்கிறான் என்று இருட்டில் தெரியாது. தப்பாக எறிந்தால் யாராவது ஒருத்தரின் கார்க் கண்ணாடி போய்விடும். அதனால் வண்டு இடது பக்கம் நின்றுகொண்டு "மச்சான்!" என்று கத்துவான். குரல் வந்த இடத்துக்கு ஏணி பந்தை வீசுவான். கண்ணாடிகளும் பிழைத்தன, இவர்களும் அடி வாங்காமல் பிழைத்தார்கள்.

பின்னாளில் இரண்டு பேருக்கும் சோறு போட்டது அந்தப் பழக்கம்தான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பவன், கீழே இறங்கி, தலையைத் திருப்பி, தன் ஆள் எங்கே என்று தேடுவதற்குள் எதிரணிக்காரர்கள் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்கள். ஏணி தேடவே மாட்டான். இறங்கும்போதே பந்து கிளம்பியிருக்கும். மற்றவர்கள் கையால் எறிகிறார்கள், இவன் காதால் எறிகிறான் என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். பச்சை அணி இரண்டு பேரையும் சேர்த்தே வாங்கியது. தனித்தனியாக வாங்கியிருந்தால் அரைக் காசு பெறாத சரக்கு என்று வண்டு கேலி பண்ணுவான்.

அப்போதெல்லாம் அது வெறும் வாய்க்கு வந்த மச்சான், சிநேகிதர்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்ளும் மச்சான். ஒரு நாள் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றும்போது வண்டு தரையைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளா உன்னை மச்சான்னு கூப்பிடறது பொய்யா இல்ல, மச்சான்" என்றான். ஏணிக்கு எல்லா விஷயமும் தலைக்கு ஏறக் கொஞ்சம் நேரமாகும், உயரம் அப்படி. வீட்டுக்குப் போய், வண்டு வந்திருக்கிறானா என்று தங்கை இரண்டு தரம் எட்டிப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கல்யாணத்தன்று தங்கை எல்லார் முன்னாலும் ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் பந்தாடும் கோர்ட்டில் கண்டவனையும் மச்சான் என்று கூப்பிடக் கூடாது, தன் அண்ணனை மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று. வண்டு தலையை ஆட்டினான், அந்தப் பேச்சைக் காப்பாற்றவும் செய்தான். அதன் பிறகு அணியில் மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குத் தம்பி, தலைவா, டேய். ஏணியின் அம்மா தன் பங்குக்கு இன்னொரு சட்டம் போட்டாள். வீட்டு மாப்பிள்ளையை டா போட்டுக் கூப்பிடுவது என்ன பழக்கம் என்று மகனைப் பிடித்துக்கொண்டாள். அதனால் வீட்டில் "வாங்க மாப்பிள்ளை", கோர்ட்டில் "போடா". ஆனால் வண்டு எங்கிருந்து எப்போது "மச்சான்" என்றாலும் ஏணியின் வாயில் "என்னடா" தானாக வந்துவிடும். அதை அம்மாவாலும் மாற்ற முடியவில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. கோப்பைகள் வந்தன, போயின. ஏணிக்குப் பேன்ட் தைக்க ஆளே கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கியபோது, "ஒரு ஆளுக்கான துணி பத்தாது, ரெண்டு ஆளுக்கானதை எடுத்துட்டு வாங்க" என்று கிண்டல் பண்ணிய தையற்காரியையே அவன் கட்டிக்கொண்டான். அவள் தைத்த பேன்ட்டுகளில் முட்டி மட்டும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டியிருந்தது. முட்டிக்கு ஐஸ் கட்டு, பட்டை, களிம்பு என்று சாமான் பெருகிக்கொண்டே போனது. போன பருவம் முடிந்ததும் பச்சை அணி அவனைக் கை கழுவியது. வண்டு அலுவலகத்தில் போய் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுப் பார்த்தான், நடக்கவில்லை. ஏணியின் இடத்துக்கு வந்தவன் இவனைவிட இரண்டு விரல் உயரம், இவனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஏணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிரேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரன் ஒருவன் எழுதப்போய், அந்தப் புதியவனுக்குக் கிரேன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஏணியை நீல அணி எடுத்துக்கொண்டது. பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடக்கும் அணி. முன்னாள் ஆட்டக்காரி ஒருத்திதான் பயிற்சியாளர். எல்லாரும் கோச்சம்மா என்பார்கள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் கேட்டவனுக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். இன்னும் ஒரு வருஷம் ஆட விட்டால் போதும், ஓடுகிற கால் நின்ற பிறகு தானே போய்விடுகிறேன் என்பதுதான் ஏணியின் ஆசை. அந்த நேரத்தில்தான் பழைய அணியோடு முதல் ஆட்டம் வந்தது, பந்து இடது பக்கம் போனது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் அவன் சொன்னது ஒன்றுதான். வண்டு மச்சான் என்று கூப்பிட்டான், கை தானாகப் போய்விட்டது. அதே சமயம் வெளியே வண்டுவின் முன்னால் மைக்கை நீட்டிக் கேட்டார்கள். "நான் யாரையும் கூப்பிடலை" என்றான் வண்டு. வீடியோவில் கூட்டத்தின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பந்தை வீசுவதும், மாப்பிள்ளை புள்ளி எடுப்பதும், அதைப் பார்த்து ஏணி சிரிப்பதும் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளைக்கு மரியாதை என்று தலைப்புப் போட்டு ஆளாளுக்கு அதை அனுப்பி வைத்தார்கள். ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றும் சிலர் எழுதினார்கள். எழுதுகிறவனுக்கு என்ன, விரல் வலிக்குமா?

நீல அணியின் மேலாளர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தான் நம்புவதாகத்தான் சொன்னார், ஆனால் அவர் கண் போனிலேயே இருந்தது. "உங்க மாப்பிள்ளை கூப்பிட்டேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லைன்னா இந்த வாரத்தோட உங்களை அனுப்பறதைத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல." அப்படி வெளியே போனால் இன்னொரு அணி எடுக்காது. முட்டி போனவனை எடுத்தாலும் எடுப்பார்கள், பேர் போனவனை எவன் எடுப்பான்? இத்தனை வருஷம் ஆடியதற்கெல்லாம் சேர்த்து, அந்த ஒரு சிரிப்புதான் மிஞ்சும்.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தை அன்றைக்கு மிதித்த மிதியில் அது கழன்று வராதது ஆச்சரியம். "பொய் சொன்னது அவரு. தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறது நீங்க. நல்லா இருக்கு கதை" என்றாள். அவளுக்குப் பொய்யில்தான் கோபம். ஏணியின் பயம் வேறு. ஒருவேளை வண்டு சொன்னது உண்மையாக இருந்தால்? யாருமே கூப்பிடாமல், காது தானாகக் கேட்டுக்கொண்டிருந்தால்? காதால் எறிகிறவனுக்குக் காதே பொய் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் என்ன இருக்கிறது? இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினான்.

தங்கை கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. நாலு நாளாகப் புருஷனோடு சரியாகப் பேசவில்லை என்பது, சோபாவின் ஒரு மூலையில் தலையணையும் போர்வையும் கிடந்ததிலேயே தெரிந்தது. அந்தச் சோபா தாழ்வானது. ஏணி உட்கார்ந்தால் முட்டி தாடைக்கு வந்துவிடும். எதிரே வண்டு உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாத வண்டு, வாயே இல்லாதவன் மாதிரி.

ஏணி சுற்றி வளைக்கவில்லை. "கூப்பிட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றான்.

வண்டு வாயைத் திறப்பதற்குள் பையில் போன் அடித்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டான். தங்கை அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு, டீ கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள். ஏணி தனியாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். பச்சைச் சட்டையில் தானும் வண்டுவும், நடுவில் கோப்பை. தங்கை டீத் தட்டோடு திரும்பி வந்து, குனிந்து நீட்டினாள்.

அப்போது உள் அறையிலிருந்து வண்டுவின் குரல் தெளிவாக வந்தது.

"மச்சான்..."

"என்னடா?" என்று ஏணி எழுந்தே விட்டான். முட்டி தட்டில் இடித்து, டீ பாதி தரையில் கொட்டியது.

"...நாளைக்கு நீ பஸ்ல முன்னாடி உக்காரு, காலை நீட்டிக்கலாம். ஆமா மச்சான். சரி மச்சான்" என்று உள்ளே குரல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏணி அப்படியே நின்றான். தங்கை அண்ணனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி அண்ணனைப் பார்த்தாள். நாலு நாளாகப் பத்திரிகைக்காரர்களும் மேலாளரும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், அந்தக் கூடத்தில் கொட்டிய டீக்கு நடுவில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. வண்டு போனை மூடிக்கொண்டு வெளியே வந்தான். நின்றுகொண்டிருக்கும் ஏணியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு, கிரேனா?" என்று கேட்டான் ஏணி.

வண்டு தலையசைத்தான். "கூப்பிட்டேன், மச்சான். ஆனா உன்னை இல்ல."

பிறகு மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். கிரேனை முதலில் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். இரைச்சலில் கிரேனுக்குக் கேட்கவில்லையாம். பெயர் சொல்லிப் பார்த்தான், டேய் என்று பார்த்தான், பந்து எங்கெங்கோ போனது. ஒரு நாள் அவசரத்தில் நாக்கு தானாக மச்சான் என்றுவிட்டது. பந்து சரியாகக் கைக்கு வந்தது. அதன் பிறகு நாக்கு வேறு எதற்கும் மசியவில்லை. அன்றைக்கும் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இரண்டு பேரும் எம்பினார்கள், கிரேன் பிடிப்பான் என்று நினைத்து வண்டு கத்தினான். பிடித்தது ஏணி. மைக்கை நீட்டியபோது, வேறு ஒருத்தனை மச்சான் என்று கூப்பிட்டேன் என்று ஊரறியச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "நம்ம ரெண்டு பேரோட வார்த்தை அது. அதை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டேன்னு உன் மூஞ்சியைப் பாத்து எப்படிடா சொல்றது?" என்றான். உணர்ச்சிவசப்பட்டால் அவனுக்கும் டா வந்துவிடும்.

ஏணிக்கு வலித்தது. ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏமாற்றுகிறவன் ஏணியையாவது மனசில் நினைத்திருப்பானே. பச்சை அணி சட்டையைப் பிடுங்கியபோது வராத கோபம், இந்த ஒரு வார்த்தையை இன்னொருத்தன் போட்டுக்கொண்டிருக்கிறான் என்றபோது வந்தது. பொறாமைதான், வேறென்ன? முட்டி தேய்ந்த வயதில், ஆறரை அடி ஆம்பளைக்கு, ஒரு மச்சானுக்காகப் பொறாமை. அவனுக்கே வெட்கமாக இருந்தது. கண்ணும் கரித்தது. துணியை எடுத்துத் தரையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

வண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு யோசனை சொன்னான். "வேணும்னே உன்னை ஏமாத்தறதுக்காகத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடறேன். கொஞ்ச ஆட்டம் வெளிய உக்காரச் சொல்வாங்க. உக்காந்துட்டுப் போறேன். உன் பேரு தப்பிச்சுடும். ஊரும் உன்னைப் பாத்துச் சிரிக்காது."

ஏணிக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஏமாந்தவன் என்றால் நாலு பேர் பாவம் என்பார்கள். எவனையோ கூப்பிட்டதற்கு ஓடிப்போய் நின்றவன் என்றால் நாற்பது பேர் சிரிப்பார்கள். அவன் யோசிப்பதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"ஆமா, ஒரு பொய்யை மறைக்க இன்னொண்ணு. மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே இருங்க. நான் போர்வையோட அண்ணி வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

ஏணி துணியைப் பிழிந்து வைத்தான். "வேணாம் மாப்பிள்ளை. நடந்தது என்னவோ அதையே சொல்லிக்கலாம்" என்று எழுந்தான். கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டான்.

மறுநாள் நீல அணியின் உடை மாற்றும் அறையில், மேலாளர், கோச்சம்மா, ஆட்டக்காரர்கள், மசாஜ் பண்ணுகிறவர் எல்லாரும் இருக்கும்போது ஏணி எழுந்து நின்று சொன்னான். வண்டு கூப்பிட்டது கிரேனை, நான் என்னை என்று நினைத்துவிட்டேன். அவ்வளவுதான். பிறகு மூலையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்கள். அது போதும். அறை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. மசாஜ்காரர் களிம்பு டப்பாவைக் கீழே போட்டார். ஏணி காது சிவக்க நின்றுகொண்டிருந்தான். ஒன்று மட்டும் உண்மை, சிரித்து முடித்த ஒருத்தன் கண்ணிலும் சந்தேகம் இல்லை. இப்படி மூக்குடைபடும் பொய்யை எந்த மடையனும் தானாகக் கட்டிச் சொல்ல மாட்டான். அன்றைக்கே வண்டுவும் மைக்கின் முன்னால் நின்று, முதலில் சொன்னது பொய், நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டான். ஊர் ஒரு வாரம் சிரித்தது. விற்றுவிட்டான் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

சிரிக்காத ஒரே ஆள் கோச்சம்மா. எல்லாரும் போன பிறகு ஏணியை நிறுத்தினாள். "ஆட்டத்தை வித்தவனா இருந்தா வெளிய அனுப்பிடலாம், சுலபம். உங்க காது இன்னும் அந்த அணியிலதான் இருக்கு. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். அடுத்து பச்சை அணியோடு ஆடும் வரை பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அந்த ஆட்டத்தில் இறக்குவாள். பந்து மறுபடி இடது பக்கம் போனால், அதோடு சரி. சட்டையைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

பயிற்சியில் சக ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவன் எம்பிப் பந்தைப் பிடித்த மறு கணம், இடது பக்கத்திலிருந்து எவனாவது "மச்சான்!" என்று கத்துவான். பந்து போய்விடும். கத்தியவன் கும்பிடு போட்டுவிட்டு வாங்கிக்கொள்வான். தரை துடைக்க வந்தவர் ஒரு நாள் சும்மா கத்திப் பார்த்தார், அவருக்கும் போனது. ஏணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஞ்சை வைத்துக் காதை அடைத்துப் பார்த்தான். அப்போது யார் எங்கே என்றே தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்து, கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நீல அணியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓட வேண்டியவன் ஒரு மெலிந்த ஆட்டக்காரன். அவனை மௌனச்சாமி என்பார்கள். கோர்ட்டில் வாயையே திறக்க மாட்டான். பேசினால் முதல் எழுத்திலேயே வார்த்தை மாட்டிக்கொள்ளும். எப்போதோ ஒரு ஆட்டத்தில் அப்படி மாட்டிக்கொண்டபோது கூட்டம் சிரித்ததாம், அன்றோடு வாய் மூடியது. ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு அப்புறம்தான் ஏணிக்கு அவன் வேதனை புரிந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, வார்த்தையே வேண்டாம், ஒரு சத்தம் போட்டால் போதும், எறிந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். மௌனச்சாமி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். அதுதான் பதில்.

பச்சை அணியோடு மறு ஆட்டம் வந்தது. கடைசிக் கால்பகுதியில் கோச்சம்மா ஏணியை இறக்கினாள். கூட்டத்தில் பாதிப் பேர் "மச்சான், மச்சான்" என்று கத்தினார்கள். அது எல்லாப் பக்கமும் இருந்ததால் நல்லவேளையாக எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் ஏணி வேறொன்றைக் கவனித்தான். வண்டுவின் குரலைக் காணவில்லை. கிரேன் பந்தைப் பிடிக்கிறான், காட்டில் விட்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்க்கிறான், அதற்குள் யாராவது தட்டிவிடுகிறார்கள். வண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறான். பச்சை அணிப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்.

யாரோ ஃபவுல் வாங்கினார்கள். ஃப்ரீ த்ரோவுக்காக எல்லாரும் வரிசையில் நின்றபோது, ஏணியும் வண்டுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள்.

"வாயைத் தெச்சா வெச்சிருக்க?" என்றான் ஏணி, முன்னால் பார்த்தபடி.

"நீ நிக்கும்போது எப்படிக் கூப்பிடறது?" என்றான் வண்டு.

"நீ கூப்பிடாம இருந்து நாங்க ஜெயிச்சா, இந்தத் தடவை நீ வித்துட்டேன்னு சொல்வாங்க. கூப்பிட்டுத் தொலை. அவன் உன் ஆளு." கொஞ்சம் நிறுத்தினான். "என்னை வீட்ல கூப்பிடு, போதும்."

வண்டு மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நீல அணி ஒரு புள்ளி முன்னால். இப்படித்தான் அன்றைக்கும் இருந்தது. பச்சை அணிக்காரன் எறிந்த பந்து வளையத்தில் இரண்டு தரம் தட்டி வெளியே வந்தது. ஏணியும் கிரேனும் எம்பினார்கள். கிரேன்தான் உயரம், இளமை, நல்ல முட்டி எல்லாம். ஆனால் பந்து எங்கே விழும் என்பது ஏணிக்குத் தெரியும். அது அவன் கையில் விழுந்தது. இறங்கும்போதே வந்தது அந்தக் குரல். இடது பக்கம், தோளுக்குக் கீழே, கார்கள் நிற்கும் இருட்டிலிருந்து வந்த அதே குரல்.

"மச்சான்!"

தோள் திரும்பியது. முழங்கை மடிந்தது. பந்து காது வரை போய்விட்டது. பெஞ்சில் கோச்சம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஏணி பந்தை அங்கேயே பிடித்துக்கொண்டான். பத்து விரலும் வெளுக்க, பிடுங்குகிறவனிடமிருந்து காப்பாற்றுகிற மாதிரி தன்னிடமிருந்தே அதைப் பிடித்துக்கொண்டான். கிரேன் ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தான். பச்சைச் சட்டைகள் சுற்றி வளைத்தன. இனி திரும்பி ஆள் தேட நேரமில்லை.

அப்போது வலது பக்கம், பின்னாலிருந்து, ஒரு சத்தம் வந்தது.

"ஏ... ஏ... ஏ..."

ஏணியண்ணே என்று கூப்பிட வாயெடுத்து, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தான் மௌனச்சாமி. விடாமல், வெட்கப்படாமல், அந்த ஓர் எழுத்தையே பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் கத்திக்கொண்டிருந்தான். ஏணி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த எழுத்து இருந்த இடத்துக்குப் பந்தை வீசினான். உள்ளங்கையில் பந்து விழும் சத்தம் கேட்டது, பிறகு மௌனச்சாமி ஓடும் சத்தம், பிறகு கூட்டம்.

மணி அடித்த பிறகு கோச்சம்மா ஏணியின் சாய்ந்த கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஆட்டத்துக்கும் சட்டை உண்டு என்று அர்த்தம். ஆனால் பந்தை வீசிய அந்த நேரத்தில் நடந்த இன்னொன்றை அவளும் பார்க்கவில்லை, கேமராவும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கிரேனும் வண்டுவும் மட்டும்தான் கேட்டார்கள். கிரேனுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டு, ஓட வேண்டியவன், ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்து வலது பக்கம்தான் போனது. இடது பக்கம் "என்னடா" மட்டும் போனது.